கண்ணாடி அலுவலகக் கோபுரத்தின் இரவு முகம்: முகப்பில் விளக்கா, உட்கூரையில் விளக்கா?

தளவரைபடம்:

வணக்கம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் எழவிருக்கும் 12 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வடிவமைப்புக் குழுவில் பணியாற்றுகிறேன். தளம் ஒன்றுக்கு 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் தரையிலிருந்து உட்கூரை வரை கண்ணாடி. முழுவதும் வாடகைக்கு விடப்போகும் கட்டடம் என்பதால், எந்த நிறுவனம் எந்தத் தளத்துக்கு வரும் என்பது இன்னும் தெரியாது. இரவில் கட்டடம் தொலைவிலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். அதற்காக முகப்பு ஒப்பந்ததாரர் நிறம் மாறும் எல்.இ.டி. பட்டைகளை விளிம்பெங்கும் ஓடவிட்டு, தரையிலிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சும் ஃப்ளட் லைட்டுகளையும் சேர்த்து வரைபடம் கொடுத்திருக்கிறார்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நியூயார்க்கின் சீக்ரம் கட்டடம் 1958-லேயே வேறொரு வழியைக் காட்டிவிட்டது என்று கூட்டத்தில் சொன்னேன். "அது அந்தக் காலத்து அமெரிக்கா, மின்கட்டணம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. அந்தப் பதில் சரிதானா, இல்லை சீக்ரம் கட்டடத்திலிருந்து இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கார்த்திகைத்தீபம்:

முதலில் அங்கே என்ன செய்யப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கோபுரம் வெளியிலிருந்து விளக்கடிக்கப்பட்டது என்றே நினைக்கிறார்கள். பார்க் அவென்யூவில் உள்ள அந்த 38 மாடிக் கட்டடத்தை வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ; அவருடன் பணியாற்றியவர் ஃபிலிப் ஜான்சன். விளக்கொளிக்கு ஆலோசகராக இருந்தவர் ரிச்சர்ட் கெல்லி. முகப்பில் இருப்பவை கருமையேறிய வெண்கலச் சட்டங்களும் சற்றே பழுப்புக் கலந்த கண்ணாடியும். இரண்டுமே வெளியிலிருந்து அடிக்கும் ஒளிக்கு ஏற்றவையல்ல. வெண்கலம் ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடியோ அதில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிட்டு, மீதியை விளக்கு நின்ற திசைக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வானத்துக்கு, அனுப்பிவிடும். சாலையில் நிற்பவரின் கண்ணுக்கு ஏறத்தாழ எதுவும் வந்து சேராது. சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய கட்டடத்துக்கு ஃப்ளட் லைட் அழகு தருவது, அந்தக் கல் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதனால்தான். கண்ணாடி அதைச் செய்யாது.

ஆகவே கெல்லி ஒளியை உள்ளே வைத்தார். ஒவ்வொரு தளத்திலும் கண்ணாடியை ஒட்டியபடி சுற்றிலும் ஓடும் ஒளிரும் உட்கூரைப் பட்டை ஒன்றை அமைத்தார். ஒளி கசியும் பலகைகளுக்கு மேலே ஃப்ளோரசன்ட் குழல்விளக்குகள். அவை இரண்டு அளவுகளில் எரிந்தன: பகலில் முழு அளவு, இரவில் குறைந்த அளவு. கீழே முன்கூடத்தில் உட்கூரைக்குள் மறைந்திருக்கும் விளக்குகள், மின்தூக்கிகளைச் சுற்றியுள்ள டிராவர்டைன் கல் சுவர்களை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நனைக்கின்றன. இரவில் அந்தச் சுவர்கள்தான் கோபுரத்தைத் தாங்கி நிற்பவை போலத் தோன்றும்.

பட்டையை ஏன் விளிம்பில் வைத்தார் என்பதற்கு வடிவியல் காரணம் உண்டு. உட்கூரை தரையிலிருந்து 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நிற்பவர் 45 பாகை கோணத்தில் அண்ணாந்து ஒரு தளத்தைப் பார்த்தால், அவருடைய பார்வைக் கோடு கண்ணாடியின் அடிவிளிம்பில் நுழைந்து உட்கூரையைத் தொடும் இடம் 2.7 மீட்டர் உள்ளே. அதற்கு அப்பால் உள்ள எதையும் அவரால் பார்க்க முடியாது. உங்கள் கட்டடத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி நின்று, 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் தளத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவது வெறும் 1.7 மீட்டர் அகலமுள்ள உட்கூரை விளிம்பு மட்டுமே. மேல்தளங்களைப் பொறுத்தவரை நகரம் பார்க்கும் முகப்பு அந்த விளிம்புதான். தளம் முழுவதும் எரிய வேண்டியதில்லை.

எதிர்வாதி:

வரலாறு நன்றாக இருக்கிறது; கணக்கும் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு தகவலை விட்டுவிட்டீர்கள். நியூயார்க் மாநகராட்சி பெரிய கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டை வெளியிடத் தொடங்கிய பின், 2012-ல் செய்தித்தாள்களில் அடிபட்ட மதிப்பெண்களைத் தேடிப் பாருங்கள். கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கு 100 வரை மதிப்பெண் தரும் எனர்ஜி ஸ்டார் அளவுகோலில் எம்பயர் ஸ்டேட் 80 பெற்றது. கிரைஸ்லர் 84 பெற்றது. சீக்ரம் 100-க்கு 3. மூன்றுதான், அச்சுப் பிழையன்று. உலகமே கொண்டாடும் கட்டடத்தை முன்மாதிரியாக வைக்கும்போது இதையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

இன்னொன்று. ஆளில்லாத தளங்களில் இரவெல்லாம் விளக்கெரிவதை நகரத்தின் அழகு என்று சொல்லும் வழக்கத்தையே நான் ஏற்கவில்லை. வண்ணப் பட்டைகளுக்கு நான் வழக்கறிஞன் அல்லேன். ஆனால் அவை அலங்காரம் என்பதை ஒப்புக்கொண்டே எரிகின்றன. உட்கூரைப் பட்டையோ யாரோ உள்ளே வேலை செய்வதாக நடிக்கிறது.

கார்த்திகைத்தீபம்:

மதிப்பெண் 3 என்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பழி விளக்குகளைச் சேராது. ஒற்றைக் கண்ணாடி போர்த்திய 1958-ஆம் ஆண்டுக் கட்டடம் அது. நியூயார்க்கின் குளிர்காலத்தில் வெப்பம் அதன் வழியே எவ்வளவு ஓடியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். கல் போர்த்திய எம்பயர் ஸ்டேட்டின் சன்னல்கள் சிறியவை. 2010-ஐ ஒட்டி அவை புதுப்பிக்கப்பட்டும் விட்டன. ஒளியை எங்கே வைப்பது என்ற கேள்வியையும், சுவரை எதனால் கட்டுவது என்ற கேள்வியையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

நடிப்பு என்ற குற்றச்சாட்டு மட்டும் என்னைச் சற்று யோசிக்க வைக்கிறது. ஆனால் சென்னையில் அது பொருந்துமா? அங்கே ஆண்டின் எந்த மாதத்திலும் சூரியன் மாலை 5.35-க்கு முன்னரோ 6.40-க்குப் பின்னரோ மறைவதில்லை. அந்த நேரத்தில் எந்த அலுவலகம் காலியாக இருக்கிறது? அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் மென்பொருள் நிறுவனங்கள் வாடகைக்கு வந்தால் நள்ளிரவிலும் ஆள் இருப்பார்கள்.

குவீன்ஸ்வாசி:

நான் நியூயார்க்கில் இருக்கிறேன். பார்க் அவென்யூ வழியாக வேலைக்குப் போய்வருபவன். கட்டடம் நடைபாதையிலிருந்து 27 மீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கி நிற்பதால், அந்தத் திடலில் நின்றுதான் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். அங்கே முதலில் கண்ணில் படுவது கோபுரமன்று, ஏழு மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கும் அந்தக் கல் சுவர்கள். விளக்கு எங்கே இருக்கிறது என்று தேடினால் எளிதில் அகப்படாது. சுவர் மட்டும் தெரியும். பக்கத்தில் உள்ள பல புதிய கட்டடங்களின் முன்கூடங்களில் தரை பளபளக்கிறது, சுவர்கள் இருண்டு கிடக்கின்றன. கீழ்நோக்கி மட்டும் அடிக்கும் டவுன்லைட்டுகளை எவ்வளவு போட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருட்டாகவே படுகிறது.

ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஒரு முன்மாதிரியைத்தான் எடுக்க வேண்டுமென்றால், நான் நியூயார்க் டைம்ஸ் கட்டடத்தையும் சேர்க்கச் சொல்வேன். ரென்சோ பியானோ வடிவமைத்து 2007-ல் திறக்கப்பட்ட 52 மாடிக் கோபுரம் அது. தெளிந்த கண்ணாடிக்கு வெளியே வெண்ணிறப் பீங்கான் குழாய்கள் கிடையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சூரியனின் நிலைக்கேற்பத் திரைகள் தாமாக இறங்கி ஏறுகின்றன. ஒவ்வொரு விளக்கும் தனித்தனி முகவரி கொண்டது, பகல் வெளிச்சம் கூடும்போது தானாகவே மங்குகிறது. வாங்கும் முன்னரே குவீன்ஸின் காலேஜ் பாயின்ட்டில் ஒரு தளத்தின் தென்மேற்கு மூலையை முழு அளவில் கட்டி, லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தாருடன் சேர்ந்து மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். குடியேறிய பின் நடந்த ஆய்வின் அறிக்கை 2013-ல் வந்தது. நியூயார்க்கின் அப்போதைய குறைந்தபட்ச விதிகளின்படி கட்டப்பட்டிருக்கக்கூடிய கட்டடத்தோடு ஒப்பிட்டால் ஆண்டு மின்சாரப் பயன்பாடு 24 விழுக்காடு குறைவு என்றது அது.

இன்னொரு செய்தி உங்கள் ஒப்பந்ததாரரின் ஃப்ளட் லைட்டைப் பற்றியது. செப்டம்பர் 11 நினைவாக இங்கே ஆண்டுதோறும் வானை நோக்கி இரட்டை ஒளித்தூண்களைப் பாய்ச்சுவார்கள். இடம்பெயரும் பறவைகள் அந்த ஒளிக்குள் சிக்கிச் சுற்றிச் சுற்றிப் பறப்பதைப் பற்றி 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏழு இரவுகளில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டன என்பது அவர்களின் மதிப்பீடு. விளக்கைச் சிறிது நேரம் அணைத்தவுடன் பறவைகள் கலைந்து தம் வழியே போய்விட்டன என்பதையும் அவர்களே பதிவு செய்தார்கள். அந்தத் தூண்களின் வலிமையும் உங்கள் விளக்கின் வலிமையும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் மேல்நோக்கி அடித்து, கண்ணாடியில் பட்டு வானத்துக்குப் போகும் ஒளியால் யாருக்கு என்ன பயன் என்று உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அந்தச் சாலையை ஒட்டித்தானே இருக்கிறது? குளிர்கால வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம் அது.

மின்பகிர்வு:

கூட்டத்தில் வீசப்பட்ட "மின்கட்டணம்" என்ற சொல்லுக்கு எண்களிலேயே விடை சொல்லிவிடலாம். நான் மின் ஆலோசகன். நீங்கள் தந்த அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன்: தளப்பரப்பு 1,200 சதுர மீட்டர், சுற்றளவு 140 மீட்டர்.

விளிம்பு உட்கூரையில் மீட்டருக்கு 10 வாட் எடுக்கும் எல்.இ.டி. வரிசை ஒன்று போதும் என்று கொள்வோம். தளத்துக்கு 1,400 வாட். இரவில் இதை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைத்தால் 280 வாட். 12 தளங்களுக்கும் சேர்த்து 3.4 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு, மாலை 6.30 முதல் 11.30 வரை எரிந்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 17 யூனிட். இந்தக் கட்டடத்தின் குளிரூட்டி ஒரு நாளில் இழுப்பதோடு இதை ஒப்பிடவும் தோன்றாது. கெல்லியின் காலத்தில் குழல்விளக்கும் சோக்கும் இதைப்போலப் பல மடங்கு மின்சாரம் எடுத்திருக்கும். அன்றே இரவு நேரத்துக்குத் தனி அளவு வைத்தார் என்றால் மின்கட்டணம் பொருட்டாக இருந்ததில்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. தளம் முழுவதும் 500 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் வந்து விழும் ஒளியின் அளவு) என்று எழுதிவிட்டு, உட்கூரையில் கட்டம் கட்டமாக டூ பை டூ (இரண்டடிக்கு இரண்டடி) விளக்குப் பேனல்களை நிரப்பும் பழக்கம்தான் நம்முடைய வரவு செலவுத் திட்டத்தை விழுங்குகிறது. வாட்டுக்கு 120 லூமென் (விளக்கு வெளியிடும் ஒளியின் அளவு) தரும் விளக்கை எடுங்கள். அதில் மேசை மட்டத்துக்கு வந்து சேர்வது 60 விழுக்காடு, தூசிக்கும் வயதுக்கும் கழித்தபின் நிற்பது அதில் 80 விழுக்காடு. 500 லக்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 8.7 வாட் வேண்டும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி அலுவலகங்களுக்கு அனுமதிப்பது 9.5 வாட். சுவருக்கும் விளிம்புக்கும் போதுமான அளவு மிஞ்சாது.

அதற்குப் பதிலாகப் பொதுவெளிச்சத்தை 300 லக்ஸில் நிறுத்தினால் 5.2 வாட், தளத்துக்கு 6,240. மேசைக்கு ஒன்றாக 7 வாட் விளக்கு, 120 மேசைகளுக்கு 840. விளிம்பு 1,400. நடுவே மின்தூக்கிச் சுவர்களை நனைக்க 60 மீட்டருக்கு மீட்டருக்கு 12 வாட் வீதம் 720. மொத்தம் 9,200 வாட், அதாவது சதுர மீட்டருக்கு 7.7. விதிக்கு உள்ளேயே நிற்கிறது. அதிலும் விளிம்பு விளக்குகள் பகலில் சென்சார் சொற்படி பெரும்பாலும் அணைந்தே இருக்கும்.

மேசைவிளக்கு:

300 லக்ஸ் என்றதும் வாடகைக்கு வருபவர்கள் "இருட்டாக இருக்கிறது" என்று முறையிடுவார்களே என்ற அச்சம் உங்களுக்கு வரலாம். அலுவலக உட்புறங்களையே பல ஆண்டுகளாகச் செய்துவருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: மனிதர்கள் லக்ஸைப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் பெரும்பகுதியை நிரப்புவது எதிரில் உள்ள சுவரும் உட்கூரையும்; மேசைப்பரப்பு கீழ்விளிம்பில் ஒரு பட்டைதான். மேசையில் 500 லக்ஸ் கொட்டி, சுவரைச் சாம்பல் நிறமாக விட்ட அறையை எல்லோரும் மங்கல் என்கிறார்கள். மேசையில் 300 வைத்து, வெளிர்நிறச் சுவரை நன்றாக நனைத்த அறையை வெளிச்சம் என்கிறார்கள். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12464-1 இதை ஏற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் எடுத்துக்கொண்டது. 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எழுத்து வேலை நடக்கும் அலுவலகச் சுவர்களுக்குக் குறைந்தது 150 லக்ஸ், உட்கூரைக்கு 100 லக்ஸ் என்று அட்டவணையிலேயே இடம் கொடுத்தார்கள். கண்கூச்சத்தை மதிப்பிடும் யு.ஜி.ஆர். அளவுகோலில் வரம்பு 19 என்பது பழையபடியே தொடர்கிறது.

கெல்லி 1952-லேயே ஒளியை மூன்றாகப் பிரித்துப் பேசியவர்: கண்ணை ஓரிடத்துக்கு இழுக்கும் குவியொளி, எல்லாவற்றையும் சூழ்ந்து நிற்கும் பரவொளி, மினுங்கி விளையாடும் ஒளிப்புள்ளிகள். நம்முடைய அலுவலகங்களில் பரவொளி ஒன்றே அளவுக்கு மீறி இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இடமே இல்லை. உங்கள் உரிமையாளர் கேட்கும் நிறம் மாறும் பட்டையை மூன்றாவதற்கான பசி என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதை முன்கூடத்தில் ஒரே ஓர் இடத்தில் கொடுத்துவிட்டால், கோபுரத்தை விட்டுவிடுவார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விளிம்புப் பட்டை கண்ணாடிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவரின் கணினித் திரையில் பிரதிபலிக்கக்கூடாது. 1958-ல் மேசைமேல் இருந்தது காகிதம். இன்று அப்படியில்லை. ஆகவே ஒளிரும் பலகையாக அதைச் செய்யாதீர்கள்; வெள்ளை உட்கூரையின்மேல் ஒளியைப் பரப்பி, உட்கூரையே மென்மையாகத் தெரியும்படி செய்யுங்கள்.

தளவரைபடம்:

எல்லோருக்கும் நன்றி. மின்பகிர்வு ஐயாவின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். ஆனால் என்னை உறுத்தும் கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. சீக்ரம் கட்டடத்தில் விளிம்பு உட்கூரை முழுக் கோபுரத்துக்கும் ஒரே வடிவமாக இருந்தது. என்னுடைய கட்டடத்தில் 12 தளங்களுக்கு 12 வாடகைக்காரர்கள் வரலாம். ஒருவர் பொய்க்கூரையே வேண்டாம் என்று குழாய்களைத் திறந்துவிடுவார். இன்னொருவர் 6,500 கெல்வின் வெண்ணிற விளக்குதான் வேண்டும் என்பார். அடுத்தவர் மஞ்சள் விளக்கு கேட்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி போல இருக்காதா?

பராமரிப்பு:

இது விளக்குக் கேள்வியன்று, குத்தகை ஒப்பந்தக் கேள்வி. கட்டடப் பராமரிப்பில் இருப்பவன் என்பதால் நேராகச் சொல்கிறேன். கண்ணாடியிலிருந்து உள்ளே 1.8 மீட்டர் வரையுள்ள உட்கூரையையும், அதிலுள்ள விளக்குகளையும், திரைகளையும் கட்டட உரிமையாளரின் சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்காரர் அதற்கு அப்பால் தன் விருப்பப்படி செய்துகொள்ளட்டும். விளிம்பின் மின்சுற்று அவருடைய மீட்டரில் சேராமல் பொதுப் பலகையிலிருந்து வர வேண்டும்; இல்லையென்றால் முதல் மாதக் கட்டணம் வந்தவுடனேயே யாராவது அதைப் பிடுங்கிவிடுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் இப்படித்தான் நடந்தது: மூன்று தளங்கள் இருண்டு, முகப்பு பல் விழுந்த வாயாகிவிட்டது.

விளக்கு வாங்கும்போது விளக்குக்கு விளக்கு நிற வேறுபாடு, கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைப் படிகளாக அளக்கும் மெக் ஆடம் அளவில் மூன்று படிக்கு மேல் போகக்கூடாது என்று டெண்டரிலேயே எழுதுங்கள். 12 தளங்களுக்கும் ஒரே தொகுதியில் வாங்கி, நூற்றுக்குப் பத்து வீதம் உதிரியாக அடுக்கி வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே மாதிரியில் புதிதாக வாங்கினால், பெயர் ஒன்றாக இருக்கும், நிறம் ஒன்றாக இராது. நிறவெப்பம் 3,500 கெல்வினோ 4,000 கெல்வினோ எதுவானாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதி:

குத்தகை ஒப்பந்தத்தில் எழுதுவது நல்ல யோசனை. அப்படியே அணைக்கும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். இரவு 11.30-க்கு மேல் விளிம்பு எரியக்கூடாது. ஆள் இருக்கும் தளத்தில் அவர்களுடைய சொந்த விளக்கு எரிந்தால் போதும். இதை ஒப்புக்கொண்டால் நான் நடிப்பு என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார், கட்டடத்தைப் பார்த்த பிறகு.

குவீன்ஸ்வாசி:

திரைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. மேற்குப் பக்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலுக்காக இறக்கிய திரையை ஆறு மணிக்கு யாரும் ஏற்றமாட்டார்கள். பிறகு உங்கள் உட்கூரை வெளியே தெரியாது. சீக்ரம் கட்டடத்தில் பிளைண்டுகள் மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும்படி செய்யப்பட்டன: முழுவதும் மேலே, பாதி, முழுவதும் கீழே. முகப்பு கண்டபடி குலைந்து தெரியக்கூடாது என்பதற்காக. டைம்ஸ் கட்டடத்தில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. உங்களிடம் பணம் இருந்தால் மோட்டார். இல்லையென்றால் மூன்று நிலை.

தளவரைபடம்:

மேற்கிலும் தெற்கிலும் மட்டும் மோட்டார் என்று கேட்டுப் பார்க்கிறேன். காலேஜ் பாயின்ட் போல முழு அளவு மாதிரி கட்டுவதற்கு எங்களிடம் வசதி இல்லை. ஆனால் கட்டுமான இடத்தின் தரையிலேயே ஒரு கொட்டகை போட்டு, 6 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடியும் விளிம்பு உட்கூரையும் செய்து உரிமையாளருக்குக் காட்டலாம் என்று எண்ணுகிறேன்.

கார்த்திகைத்தீபம்:

கொட்டகை வேண்டாம். தரைமட்டத்தில் கட்டினால் உரிமையாளர் கண்ணாடிக்கு நேராக நின்று பார்ப்பார். விளக்குப் பெட்டியும் மேசையும் நாற்காலியும்தான் தெரியும், உட்கூரை தெரியாது. அது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். தளம் எட்டாவது மாடி வரை எழும்பும் மட்டும் பொறுத்திருந்து, அங்கே ஒரு மூலையில் இரண்டு கண்ணாடிப் பலகைகளையும் 1.8 மீட்டர் உட்கூரையையும் தற்காலிகமாகப் பொருத்துங்கள். பக்கத்து மூலையில் ஒப்பந்ததாரரின் வண்ணப் பட்டையையும் போட்டுக்கொள்ளட்டும். பிறகு உரிமையாளரை மாலை 6.15-க்குச் சாலைக்கு எதிர்ப்பக்கம் அழைத்துச் செல்லுங்கள். வானம் முழுவதும் இருட்டுவதற்குள் இரண்டையும் அவர் பார்த்துவிட வேண்டும்.